ஒரு மூச்சு மட்டும்

ஜப்பானில் பாதிப் பேர் சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்கிற குரல் யுகாரியுடையது. தப்பாக நினைக்க வேண்டாம். தொட்டியில் வெந்நீர் நிரம்பியதும் சுவரிலிருக்கும் சின்னப் பெட்டி ஒன்று "குளியல் தயாராகிவிட்டது" என்று பெண்குரலில் சொல்லுமே, அது அவள்தான். பல்பொருள் அங்காடியில் மத்தி மீன் இன்று மலிவு என்று கூவுவதும் அவள்தான். கார்ட்டூன் படங்களில் பூதம் வரும்போது கூட்டத்தோடு சேர்ந்து அலறுகிற மூன்றாவது பெண்ணும் அவளேதான். குரல் நடிகை என்று சொல்லிக்கொண்டு பல வருடம் ஓட்டியாகிவிட்டது. அவள் குரல் கேட்காத வீடு கிடையாது. ஆனால் அது யாருடைய குரல் என்று தெரிந்த வீடு ஒன்றே ஒன்றுதான். நக்கானோவில் அவளும் மகள் சுமிரேயும் குடியிருக்கும் இரண்டறை வீடு.

சுமிரே நான்காம் வகுப்பு படிக்கிறாள். அப்பா பிரிந்துபோய் வேறு ஊரில் இருக்கிறார். அதைப் பற்றி அவள் அதிகம் பேசுவதில்லை. பேசுவதெல்லாம் 'பனிக்கணவாய்' பற்றித்தான். அது ஒரு வீடியோ கேம். அக்காவும் தங்கையும் பனி மூடிய மலைகளைக் கடந்து போகிறார்கள். விளையாடுகிறவர்தான் தங்கை. அக்கா சயோ முன்னால் நடப்பாள், வழி சொல்வாள், திட்டுவாள், ரொட்டியைப் பிய்த்துப் பெரிய துண்டைத் தங்கைக்குத் தருவாள். கடைசியில், தங்கையாவது பிழைக்கட்டும் என்று தன் இடுப்புக் கயிற்றைத் தானே அறுத்துக்கொண்டு பனிப்பள்ளத்தில் விழுந்துவிடுவாள். அந்தக் கேமில் யாருக்கும் குரல் கிடையாது, எல்லாம் எழுத்தில்தான். முடித்த அன்று சுமிரே சாப்பாட்டைத் தொடவில்லை. மறுநாளும் தொடவில்லை. "விளையாட்டுதானே கண்ணு" என்று சொன்ன யுகாரியை அவள் ஒரு பார்வை பார்த்தாள். பெற்ற தாயை யாரும் அப்படிப் பார்க்கக் கூடாது.

இப்போது இரண்டாம் பாகம் வரப்போகிறது. அதில் சயோ திரும்பி வருகிறாள், இந்த முறை குரலோடு. அந்தக் குரல் யுகாரி.

இதை அவள் ஒருத்தரிடமும் சொல்ல முடியாது. வெளியீட்டு நாள் வரை வாயைத் திறப்பதில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். எல்லா நடிகர்களும் போடுவதுதான், ஆனால் இவள் விஷயம் ஒரு படி மேலே. பேரைப் போட்டால் யாருக்குக் குரல் கொடுத்தாள் என்று கேட்பார்கள், சயோ உயிரோடிருப்பது தெரிந்துபோகும் என்று, நடிகர் பட்டியலிலிருந்தே அவள் பேரை எடுத்துவிட்டார்கள். வாழ்நாளில் கிடைத்த முதல் பெரிய வேடம், அதில் அவள் இல்லவே இல்லை.

அதையும் பொறுத்துக்கொண்டிருப்பாள். ஆனால் சுமிரே பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் பெருமையாக, "எங்கம்மா கேம்ல எல்லாம் பேசுவாங்க" என்று அளந்துவிட்டு வந்தாள். கெங்கோ என்று ஒரு பையன், இந்த மாதிரி விஷயத்தில் சும்மா இருக்க மாட்டான். வீட்டுக்குப் போய் யுகாரியின் பேரைப் போட்டுத் தேடிப் பார்த்தான். ஒரு கேமும் இல்லை. அன்றிலிருந்து வகுப்பில் சுமிரேக்குப் பேர் பொய்க்காரி. சுமிரே இதை அம்மாவிடம் சொல்லவில்லை. செனோ டீச்சர் போன் பண்ணித்தான் சொன்னார். அடுத்த மாதம் பெற்றோர் வந்து வகுப்பைப் பார்க்கும் நாள், ஒவ்வொரு பிள்ளையும் வீட்டாரின் வேலையைப் பற்றி எழுந்து நின்று பேச வேண்டும், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். யுகாரி போனை வைத்துவிட்டு வெகுநேரம் அடுப்பின் முன்னால் நின்றாள்.

அந்த வாரம்தான் யோயோகியில் இருக்கும் ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து அழைப்பு வந்தது. அவளுடைய வசனங்களெல்லாம் போன குளிர்காலத்திலேயே முடிந்துவிட்டன. இப்போது எதற்கு என்று தெரியாமல் போய் மைக் முன்னால் நின்றாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இயக்குநர் கஜிதானியும் விளம்பரத்தைக் கவனிக்கும் இனொமாதாவும் இருந்தார்கள். கஜிதானி ஒல்லியான மனிதர், ஸ்வெட்டரில் எப்போதும் பிஸ்கட் தூள் இருக்கும். இனொமாதாவுக்கு நின்ற இடத்தில் நிற்கத் தெரியாது. உள்ளே இருப்பவரோடு பேச அவர்கள் மேசையில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் பேச்சு உள்ளே கேட்கும், விட்டால் கேட்காது. இனொமாதா வந்த வேகத்தில் கனமான கைப்பையை அதன்மேல் பொத்தென்று வைத்துவிட்டாள். இருவரும் அதைக் கவனிக்கவில்லை.

"முன்னோட்டத்துல இதுவரைக்கும் எங்களை என்ன காட்ட விட்டீங்க சார்? மலை. பனி. திரும்பவும் மலை. ஒருத்தர் இது எந்த ஊரு, நல்ல ஓட்டல் இருக்கான்னு கேட்டு எழுதியிருக்காரு."

"ரசிச்சுப் பாத்திருக்காருல்ல?"

"வாங்கலையே! முன்பதிவு படுத்துக் கெடக்குது சார். சயோ முகத்தைக் காட்டுவோம். ஒரே ஒரு வசனம். குரல் இவங்கதான்னு பேரைப் போடுவோம். வெள்ளிக்கிழமை விட்டா சனிக்கிழமை ஊரெல்லாம் இதே பேச்சு."

யுகாரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெள்ளிக்கிழமை பேர் வந்துவிட்டால், பள்ளிக்கூட நாளுக்கு முன்னாலேயே ஊருக்குத் தெரிந்துவிடும். கெங்கோ தேடிய அதே இடத்தில் அவள் பேர் வரும். சுமிரே தலை நிமிர்ந்து நடப்பாள். கையைக் கட்டிக்கொண்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல், இனொமாதா ஜெயிக்க வேண்டுமே என்று அவள் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டாள்.

"அந்தக் கயிறு அறுந்தப்போ அழுதவங்களுக்காகத்தான்மா இந்தப் பாகத்தையே எடுத்தோம்" என்றார் கஜிதானி. "பனியில தனியா நடந்துக்கிட்டே இருக்கறப்போ பின்னாலேருந்து அக்கா குரல் கேக்கணும். திரும்பிப் பாக்கணும். அதைப் போயி ரயில்ல நின்னுக்கிட்டே போன்ல பாத்துட்டாங்கன்னா, அப்புறம் கேம்ல என்ன மிச்சம்?"

"அதுவரைக்கும் விளையாடறதுக்கு ஆள் வேணும்ல சார்? டப்பா கடையிலயே கெடந்தா ரகசியத்தை யாருக்காகக் காப்பாத்தறீங்க? அலமாரிக்கா?"

இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான். அதனால்தான் சண்டை ஓயவில்லை. இயக்குநர் பதில் தேடிக் கண்ணாடிப் பக்கம் திரும்பியபோது யுகாரியின் முகத்தைப் பார்த்தார். பிறகு கைப்பையைப் பார்த்தார்.

"கேட்டுச்சா?"

யுகாரி தலையாட்டினாள். இனொமாதா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"கேட்டதே கேட்டுட்டீங்க. நீங்களே சொல்லுங்க" என்றார் அவர்.

பேரைப் போடுங்கள் என்று சொல்லத்தான் யுகாரி வாயைத் திறந்தாள். வந்தது வேறு. "எம்பொண்ணு இன்னும் முதல் பாகத்தை விடல சார். அந்த இடத்துக்கு வந்ததும் வேற வழி இருக்கான்னு தேடறா. அந்தப் பக்கம் ஏறிப் பாக்கறா, இந்தப் பக்கம் எறங்கிப் பாக்கறா. கயித்தை அறுக்காம ரெண்டு பேரும் தப்பிக்க ஒரு வழி இருக்கும், நமக்குத்தான் தெரியலங்கறா. சயோ வர்றதை... அவளுக்கு விளம்பரத்துல காட்டாதீங்க."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன செய்தோம் என்று அவளுக்கு உறைத்தது. வாய்க்கு வந்த சோற்றைத் தட்டிவிட்டாயே பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனால் திருப்பி வாங்கிக்கொள்ளவும் மனம் வரவில்லை.

"எங்க வீட்டுலயும் ஒருத்தர் அப்படித்தான் தேடிக்கிட்டிருக்காரு. எம் புருஷன்" என்றாள் இனொமாதா. பிறகு கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். "சரி சார். முகம் வேணாம், பேர் வேணாம், வசனமும் வேணாம். கடைசியில திரை வெள்ளையாப் போகுதுல்ல, அங்க ஒரு மூச்சு மட்டும் குடுங்க. யாரோ இருக்காங்கன்னு தெரியட்டும். யாருன்னு அடிச்சுக்கட்டும்."

கஜிதானி ஒரு பிஸ்கட்டைத் தின்று முடிக்கும்வரை யோசித்தார். பொத்தானை அழுத்தினார். "மேடம், தங்கச்சி முதுகு தெரியுது. கூப்பிடப் போறீங்க. மூச்சை இழுக்கறீங்க. ஆனா கூப்பிடல."

யுகாரி செய்தாள். ஏங்குவது போல ஒன்று, திடுக்கிடுவது போல ஒன்று, குளிரில் நடுங்குவது போல ஒன்று. எதற்கும் ஒப்பாமல் தலையைக் குறுக்கே ஆட்டிவிட்டு அவர், "அழகா இருக்கு மேடம். அழகா இருக்கறதுதான் பிரச்சினை" என்றார். மதியமாகிவிட்டது. தொண்டை வறண்டு, நடிக்கிற தெம்பெல்லாம் தீர்ந்து, இனி என்ன செய்வது என்று தெரியாமல் சும்மா ஒன்றை விட்டாள். எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. "இதுதான்" என்றார் கஜிதானி.

கிளம்பும்போது யுகாரி இனொமாதாவைத் தனியாகப் பிடித்தாள். "எம்பொண்ணுகிட்ட மட்டும்... காதுல சொல்லிக்கட்டுமா? வேற யாருக்கும் போகாது."

இனொமாதா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "போன வருஷம் குரல் குடுத்த பையன் ஒருத்தன் பெத்த அம்மாகிட்டதான் சொன்னான். அவங்க முடிவெட்டற எடத்துல சொன்னாங்க. அவன் பேசின மொத்தத்தையும் தூக்கிட்டு வேற ஆளைப் போட்டுட்டாங்க மேடம். எனக்காக வேணாம். உங்களுக்காகச் சொல்றேன்."

வெள்ளிக்கிழமை முன்னோட்டம் வந்தது. யுகாரி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கூடத்தில் சுமிரே திரைக்கு ஒரு சாண் தூரத்தில் உட்கார்ந்து பார்த்தாள். மலை, பனி, ஓநாய்க் கூட்டம், எரிகிற ஊர். பிறகு சத்தமெல்லாம் அடங்கித் திரை வெள்ளையானது. ஒரு மூச்சு. அவ்வளவுதான், இருட்டு.

யுகாரி கத்தியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். வழக்கமாக இந்நேரம் சுமிரே குதித்துக்கொண்டு ஓடிவந்து ஒவ்வொரு காட்சியையும் ஒப்பிப்பாள். இன்றைக்கு அந்தக் கடைசித் துண்டை மட்டும் இன்னொரு தரம் ஓட்டினாள்.

"எப்படி இருந்துச்சுடா?"

"நல்லாருந்துச்சு" என்றாள் சுமிரே, திரும்பாமல். பிறகு எழுந்து, யாரும் சொல்லாமலே குளிக்கப் போனாள். வெகுநேரம் வரவில்லை.

இணையத்தில் அடிதடி ஆரம்பித்தது. பெரிய நடிகைகள் எல்லார் பேரும் அடிபட்டது. அது பெண்ணே இல்லை, சளி பிடித்த ஆண் என்றார் ஒருவர். ஓநாய் என்று சத்தியம் செய்தார் இன்னொருவர், ஓநாய் மூச்சைப் பதிவுசெய்து ஒப்பிட்டும் காட்டினார். யுகாரி என்ற பேரை ஒருத்தரும் சொல்லவில்லை. கெங்கோ வகுப்பில் அது பனிப்பூதம் என்று அடித்துச் சொன்னானாம். சின்ன விஷயத்துக்கும் வரிந்துகட்டிக்கொண்டு வருகிற சுமிரே, இதில் மட்டும் வாயே திறக்கவில்லை. அவமானத்தில் ஒடுங்கிவிட்டாள் என்று யுகாரி நினைத்தாள். இரண்டு நாள் அவளுக்கே சோறு இறங்கவில்லை.

பள்ளிக்கூட நாளுக்கு முந்தின நாள் மாலை, சுமிரே கறிச்சாற்றைச் சோற்றில் பிசைந்துகொண்டே கேட்டாள்: "அம்மா, நாளைக்கு நான் வெந்நீர்ப் பெட்டியைப் பத்திச் சொல்லட்டுமா?"

"சொல்லேன். நல்லாத்தான் இருக்கும்."

"வேற ஏதாவது இருக்கா, சொல்றதுக்கு?"

கேட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். யுகாரி எழுந்துபோய்க் குழாயைத் திறந்து, கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். "இல்லடா. வேற ஒண்ணும் இல்ல."

"சரி" என்றாள் சுமிரே.

மறுநாள் பெற்றோரெல்லாம் வெளிச்செருப்பை வாசலில் விட்டு, வகுப்புக்குள் போட வீட்டிலிருந்து கொண்டுவந்த செருப்பை மாட்டிக்கொண்டு வகுப்பின் பின்சுவரோரம் நின்றார்கள். கெங்கோவின் அப்பா பல் மருத்துவர். "நீங்க மிட்டாய் தின்னாத்தான் எங்கப்பாவுக்குச் சந்தோஷம்" என்று அவன் சொல்ல, அவர் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றார். அடுத்து சுமிரே.

"எங்கம்மா குரல் நடிகை. நீங்க எல்லாரும் தினமும் எங்கம்மா பேச்சைக் கேட்டுத்தான் குளிக்கறீங்க." வகுப்பில் சலசலப்பு. சுமிரே திரும்பினாள். "அம்மா, செஞ்சு காட்டு."

யுகாரி தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "குளியல் தயாராகிவிட்டது" என்றாள்.

வகுப்பே எகிறியது. "எங்க வீட்டு அக்கா! எங்க வீட்டு அக்கா!" என்று ஒரு பெண் மேசையில் ஏறாத குறை. அப்பா அம்மாக்களும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இன்னொரு தரம், இன்னொரு தரம் என்று கேட்டு மூன்று தரம் சொல்ல வைத்தார்கள். பல் மருத்துவர் அவளைப் பார்த்து, இத்தனை நாள் தந்த உபகாரத்துக்கு நன்றி என்பது போல வணங்கினார். யுகாரிக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன்.

கெங்கோ மட்டும் கையைத் தூக்கினான். "வெந்நீர் சரி. நீ கேம்லன்னுதானே சொன்னே? எந்தக் கேம்?"

அறை அடங்கியது. சுமிரே பின்னால் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். யுகாரியின் நாக்கு நுனியில் எல்லாம் வந்து நின்றது. வேலை போனால் போகட்டும், இத்தனை பேர் முன்னால் சொல்லிவிடலாம் என்றே தோன்றிவிட்டது. அதற்குள் சுமிரே முன்பக்கம் திரும்பிவிட்டாள்.

"கேம்ல இல்ல" என்றாள். "நான் சும்மா சொன்னேன். பொய்தான். எல்லாரும் மன்னிச்சிருங்க." இடுப்பு வளையக் குனிந்து வணங்கினாள்.

தப்பை ஒத்துக்கொள்ளத் துணிச்சல் வேண்டும் என்று செனோ டீச்சர் பாராட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள், கெங்கோ உட்பட. யுகாரியும் தட்ட வேண்டியிருந்தது. தட்டுகிற ஒவ்வொரு தட்டும் தன் கன்னத்தில் விழுவதாக அவளுக்குப் பட்டது.

வீடு திரும்பும் வழியில் இறைச்சிக்கடை வாசலில் சுடச்சுடப் பொரித்து விற்கும் உருளைக்கிழங்கு வடை இரண்டு வாங்கினாள். சூடு தாங்காமல் காகிதத்தோடு கைமாற்றிக்கொண்டே சுமிரே நடந்தாள். ரயில்பாதைத் தடுப்பு இறங்கியிருந்தது. மணி அடித்துக்கொண்டிருந்தது. அதற்குமேல் யுகாரியால் முடியவில்லை. கையெழுத்தாவது ஒன்றாவது என்று மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"சுமிரே, கேளு. நீ சொன்னது பொய்யில்ல. அம்மா வந்து அந்த..."

எண்ணெய்க் கை ஒன்று வந்து அவள் வாயைப் பொத்தியது.

"சொல்லாதே!" என்றாள் சுமிரே. "எனக்குத் தெரியும்."

ரயில் வந்து போகும்வரை இருவரும் அப்படியே இருந்தார்கள். கை விலகியதும், "யாரு சொன்னா?" என்றாள் யுகாரி.

"யாரும் சொல்லல. காலையில என்னை எழுப்ப வர்றப்போ, கூப்பிடறதுக்கு முன்னாடி கதவுகிட்ட நின்னு அப்படித்தானே மூச்சை இழுப்பே."

"நீ தூங்கிக்கிட்டுல்ல இருப்பே?"

"நான் எப்பவோ முழிச்சிருப்பேன். அது வரட்டும்னு கண்ணை மூடிக்கிட்டுப் படுத்திருப்பேன்."

தடுப்பு மேலே போனது. பின்னால் நின்ற சைக்கிள்காரர் மணியடித்துப் பார்த்துவிட்டு, சுற்றிக்கொண்டு போனார்.

"தெரிஞ்சுமாடி அங்க பொய்யின்னு சொன்னே? சொல்லியிருந்தா அந்தக் கெங்கோ மூஞ்சி..."

"கெங்கோவும் சயோவுக்காக அழுதான்மா. எங்க பல்லைப் பாக்கப் பள்ளிக்கூடத்துக்கு வந்தப்போ அவங்கப்பா சொன்னாரு. அவனுக்குக் கெட்டுப்போயிடும்ல?"

யாருக்கு இது தெரிந்துவிடக் கூடாது என்று தன் பேரையே வேண்டாமென்றாளோ, அவளுக்கே எல்லாருக்கும் முன்னால் தெரிந்துபோயிருக்கிறது. யுகாரி அழ ஆரம்பித்தாள். "உனக்குக் கெட்டுப்போச்சேடா. நான்தான் கெடுத்தேன்."

"கெடல" என்றாள் சுமிரே. வடையைக் கீழே வைக்க இடமில்லாமல் பல்லில் கடித்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து அம்மாவிடம் கொடுத்தாள். பிறகு வடையைக் கையில் வாங்கிக்கொண்டு சொன்னாள்: "அன்னிக்குக் குளிக்கப் போனேன்ல, தண்ணிக்குள்ள உக்காந்து ரொம்ப நேரம் அழுதேன். சந்தோஷத்துல. கூப்பிடப் போறவங்க மூச்சு அது, தங்கச்சியை அங்க வேற யாரு கூப்பிடுவா? சயோ உயிரோட இருக்கா. அதுவும் நீ."

கஜிதானி பனிமலையெல்லாம் கட்டிக் காத்து வைத்திருந்த அந்த நிமிஷம், நக்கானோவில் ஒரு குளியல் தொட்டிக்குள் நடந்து முடிந்திருந்தது. அவரிடம் இதைச் சொல்லவும் முடியாது.

"அக்கா கூடவே இருந்துடுவாளா, இல்ல திரும்பப் போயிடுவாளா?" என்று கேட்ட சுமிரே, உடனே வடைக் கையோடே காதைப் பொத்திக்கொண்டாள். "வேணாம், வேணாம், சொல்லாதே!"

"எனக்கே தெரியாதுடா. எனக்கு என் வசனம் மட்டும்தான் குடுத்தாங்க. அதுவும் நடுவுலேருந்து, முன்னுக்குப் பின்னா."

சுமிரே காதிலிருந்து கையை எடுத்து அவளை உற்றுப் பார்த்தாள். நிஜம்தான் என்று பட்டதும் முகமெல்லாம் மலர்ந்தது. "அப்ப ரெண்டு பேரும் சேர்ந்தே விளையாடலாம்." இரண்டடி நடந்தவள் சட்டென்று நின்றாள். சாலையில் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அம்மா, எனக்குத் தெரியும்னு நீ யார்கிட்டயும் சொல்லிடாதே. உனக்கு வேலை போயிடும்."

"சொல்ல மாட்டேன்" என்றாள் யுகாரி.

"சத்தியமா?"

யுகாரி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சுண்டுவிரலை நீட்டினாள். சுமிரே தன் சுண்டுவிரலை அதில் கோத்து, இரண்டு தரம் பலமாக ஆட்டிவிட்டு, ஆறிப்போன வடையைத் தின்றுகொண்டே முன்னால் நடந்தாள்.